ஐபேட் தன்னை மேக் என்று சொன்னபோது

2019 அக்டோபர் முதல் வாரம். நாங்கள் மென்பொருள் செய்துகொடுத்திருந்த ஒரு ரத்தப் பரிசோதனை மையத்திலிருந்து காலை ஏழரை மணிக்குத் தொலைபேசி வந்தது. "சார், கையெழுத்துப் பெட்டியில் விரலை வைத்து இழுத்தால் பக்கம்தான் மேலும் கீழும் போகிறது. கோடு விழவே இல்லை" என்றார் வரவேற்பு மேசையில் இருந்த பெண். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்கும் நேரம் அது. மையம் என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போய்விட்டேன்.

வரிசையில் முதலில் நின்றவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். பரிசோதனை முடிவைக் கைப்பேசிக்கு அனுப்பலாம் என்ற ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். மேசைமேல் சாய்த்து வைத்திருந்த ஐபேடில் விரலை வைத்து இழுத்தார். பக்கம் நழுவியது. விரலை வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார். மறுபடியும் நழுவியது. "என் விரல் தேய்ந்துபோய்விட்டது பாப்பா. ஆதார் எடுக்கும்போதும் இப்படித்தான். ரேகை விழவில்லை, ரேகை விழவில்லை என்று திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னார்கள்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற குரல் அது. நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தவறு அவர் விரலில் இல்லை, நான் எழுதிய நிரலில் இருக்கிறது என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த வரியில் என்பதுதான் தெரியவில்லை.

"இந்த மேசைக்கு வாருங்கள் ஐயா" என்று அந்தப் பெண் அவரை மூன்றாவது மேசைக்கு அழைத்துப்போனார். அங்கிருந்த பழைய ஐபேடில் கோடு ஒழுங்காக விழுந்தது. பெரியவர் தமிழில் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். கடைசி எழுத்து 'ன்'. அதன் தலையில் புள்ளி வைக்க மூன்று முறை தட்டினார். புள்ளி விழவில்லை. "போகட்டும்" என்று சொல்லிவிட்டு ரத்தம் கொடுக்கப் போய்விட்டார். அந்தப் புள்ளியை நானும் பார்த்தேன். அன்றைய பரபரப்பில் அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

முதல் இரண்டு ஐபேடுகளும் முந்தைய இரவு தாமாகவே புதிய இயங்குதளத்துக்கு மாறியிருந்தன. மூன்றாவது மாறவில்லை. இவ்வளவு தெளிவான தடயம் கிடைப்பது அரிது. மடிக்கணினியைத் திறந்து, 2016இல் எழுதிய கையெழுத்துப் பெட்டியின் நிரலைப் பார்த்தேன். உலாவி அனுப்பும் 'யூசர் ஏஜென்ட்' என்ற அடையாள வரியில் 'ஐபேட்', 'ஐபோன்', 'ஆண்ட்ராய்டு' ஆகிய சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தால் தொடுதிரைக்கான நிகழ்வுகளை (விரல் பட்டது, நகர்ந்தது என்று உலாவி தரும் செய்திகளை) கேள், இல்லாவிட்டால் மவுஸ் நிகழ்வுகளைக் கேள். அவ்வளவுதான் அந்த வரி.

2019 செப்டம்பர் கடைசியில் வெளிவந்த ஐபேட்ஓஎஸ் 13இல் ஆப்பிள் ஒரு மாற்றம் செய்திருந்தது. ஐபேடின் பெரிய திரைக்குக் கைப்பேசித் தளங்கள் பொருந்துவதில்லை, கணினித் தளங்களே வரட்டும் என்பதற்காக, ஐபேடின் உலாவியான சஃபாரி தன்னை 'மேக்கின்டோஷ்', அதாவது ஆப்பிளின் மேக் கணினி, என்று அறிவிக்கத் தொடங்கியது. அடையாள வரியில் 'ஐபேட்' என்ற சொல்லே இல்லை. எங்கள் நிரல் அதை நம்பி, மேக் என்றால் மவுஸ் என்று முடிவு கட்டி, விரலைக் கேட்பதை நிறுத்திவிட்டது. விரல் இழுப்பைக் கேட்பாரில்லாததால் உலாவி அதைப் பக்கத்தை உருட்டுவதற்கு எடுத்துக்கொண்டது.

இதைவிட மோசமான ஒன்று உள்ளே இருந்தது. கையெழுத்துப் போட்டாயிற்றா என்று பார்க்கும் சோதனை, பெட்டியில் ஒருமுறையாவது மவுஸ் அழுத்தப்பட்டதா என்பதை மட்டுமே பார்த்தது. தொடுதிரையில் விரலால் சும்மா தட்டினால், பழைய தளங்கள் வேலை செய்வதற்காக உலாவி தானே பொய்யாக ஒரு மவுஸ் அழுத்தத்தை உண்டாக்கும். கோடு விழாத எரிச்சலில் யாராவது பெட்டியைத் தட்டினால் போதும், கையெழுத்து ஆயிற்று என்று எங்கள் நிரல் குறித்துக்கொள்ளும். அன்று காலை மட்டும் 11 ஒப்புதல் படிவங்கள் வெற்றுப் பெட்டியோடு சேமிக்கப்பட்டிருந்தன. அந்த 11 பேரையும் தொலைபேசியில் அழைத்து மறுபடியும் வரச்சொல்ல வேண்டியிருந்தது.

உடனடி நிவாரணம் எளிதாகக் கிடைத்தது. ஐபேடின் அமைப்புகளில் சஃபாரி பகுதியில், எல்லாத் தளங்களுக்கும் கணினிப் பதிப்பையே கேள் என்ற தேர்வு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருந்தது. இரண்டு ஐபேடிலும் அதை அணைத்தேன். பழைய அடையாளம் திரும்பியது, கோடு விழுந்தது, வரிசை நகர்ந்தது. எட்டே கால் மணிக்கு மையத்தின் மேலாளர் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். குடிக்கவே மனமில்லை.

இந்த அடையாள வரியின் கதையை நான் அதன்பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். படித்திருந்தால் 2016இல் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி தன்னை 'மொஸில்லா' என்று அழைத்துக்கொண்டது. ஒரே சாளரத்தைப் பல சட்டங்களாகப் பிரித்துக் காட்டும் வசதி அதில் இருந்ததால், சில தளங்கள் மொஸில்லா என்று சொல்பவர்களுக்கு மட்டும் அந்தப் பக்கங்களை அனுப்பின. இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும் அந்த வசதி வந்தது. ஆனாலும் பெயரைப் பார்த்து அனுப்பும் தளங்கள் அதற்குப் பழைய பக்கத்தையே கொடுத்தன. எனவே அது தன்னையும் மொஸில்லா என்றே அறிவித்து, 'ஒத்திசைவானது' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்டது. பின்னர் பக்கத்தை வரைந்து காட்டும், மொஸில்லாவின் 'கெக்கோ' இயந்திரத்தைத் தேடும் தளங்களுக்காக, கான்கரர் உலாவியின் வழிவந்த சஃபாரி 'கெக்கோவைப் போன்றது' என்று சேர்த்துக்கொண்டது. 2008இல் வந்த குரோம், சஃபாரிக்கு அனுப்பும் பக்கங்கள் தனக்கும் வேண்டும் என்பதற்காக சஃபாரியின் பெயரையும் சுமந்துகொண்டது. இன்றைய குரோமின் அடையாள வரியில் மொஸில்லா, வெப்கிட் (சஃபாரியின் இயந்திரம்), கெக்கோ, குரோம், சஃபாரி ஆகிய எல்லாப் பெயர்களும் இருக்கின்றன. தளங்கள் பெயரைக் கேட்டுக் கதவை மூடின. உள்ளே போக விரும்பிய உலாவிகள் பெயரை மாற்றிக்கொண்டன. இதில் உலாவிகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்களின் கதையும் இதே வகைதான். ஓபரா உலாவி தன் பத்தாம் பதிப்பை 2009இல் வெளியிட்டபோது, பல தளங்கள் பதிப்பெண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதைப் 'பதிப்பு 1' என்று எண்ணிவிட்டன. வேறு வழியில்லாமல் ஓபரா தன்னை 9.80 என்று சொல்லிக்கொண்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் எழுதியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11இன் அடையாளத்தில் 'ஆர்வி:11.0' என்று இருக்கும். அதைப் பிடிக்க 'ஆர்வி:11' என்று தேடும் நிரல்கள் ஏராளம். ஃபயர்ஃபாக்ஸ் 110ஆம் பதிப்பை எட்டியபோது அதன் 'ஆர்வி:110'உம் அந்த வலையில் சிக்கும் என்று தெரியவந்தது. அதனால் 110 முதல் 119 வரையிலான பதிப்புகளில் அந்த எண்ணை 109 என்றே உறையவைத்து, 120இல்தான் உண்மைக்குத் திரும்பினார்கள். யாரோ எப்போதோ எழுதி மறந்த ஒரு வரிக்காகக் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடும் உலாவி தன் எண்ணை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றிரவே அலுவலகத்தில் ஒரு திருத்தம் போட்டோம். தன்னை மேக் என்று சொல்லும் உலாவி, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களை உணர முடியும் என்றும் சொன்னால், அதை ஐபேட் என்று எடுத்துக்கொள். மேக் கணினிகளில் தொடுதிரை இல்லாததால் இது சரியாக வேலை செய்தது. இணையத்தில் பலரும் இதே வழியைத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் எனக்கு நெஞ்சு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்களுக்குத் தெரியவேண்டியது, இந்தப் பெட்டியில் விரல் வைத்தால் எங்களுக்குச் செய்தி வருமா என்ற ஒரே விஷயம். அதைக் கேட்காமல், நீ யார் என்று கேட்டு, வந்த பதிலில் சந்தேகப்பட்டு, இன்னொரு கேள்வியால் அந்தப் பதிலைச் சரிபார்த்து, கடைசியில் பழைய ஊகத்துக்கே திரும்பி வந்திருந்தோம்.

ஆகவே அடுத்த வாரம் உலாவியின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு வசதியைக் கேட்கத் தொடங்கினோம். அதிலும் முதல் முயற்சி தவறாகவே முடிந்தது. வசதியைச் சோதித்தாலே போதும் என்று நம்பியிருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

உலாவி நிரலுக்குத் தரும் சாளரப் பொருளில் தொடுதல் தொடங்கும் நிகழ்வு இருக்கிறதா என்று பார். இருந்தால் தொடுதிரை வழி, இல்லாவிட்டால் மவுஸ் வழி. இரண்டாவது நிரல் இதுதான். பார்ப்பதற்குச் சுத்தமான வசதிச் சோதனை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு கிளையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஐபேட் கிடையாது, விண்டோஸ் மடிக்கணினிகள்தான். அவற்றில் தொடுதிரையும் உண்டு. குரோம் உண்மையைச் சொன்னது: ஆமாம், தொடுதல் வரும். எங்கள் நிரல் உடனே மவுஸைக் கைவிட்டது. ஆனால் அந்தக் கிளையில் யாருமே திரையைத் தொடுவதில்லை. மேசையில் மவுஸ் இருந்தது, எல்லோரும் அதைக்கொண்டே எழுதிப் பழகியிருந்தார்கள். பழைய நிரலில் ஒழுங்காக வேலை செய்த இடத்தை, சரியான முறை என்று நாங்கள் நம்பிய முறை உடைத்துவிட்டது.

தொடுதிரை இருக்கிறதா என்ற கேள்விக்கு வந்த பதில் சரிதான். அந்தப் பதிலிலிருந்து, அப்படியானால் மவுஸ் வேண்டியதில்லை என்று நாங்கள் எடுத்த முடிவுதான் தவறு. ஒரு வசதி இருப்பதைக் கண்டு இன்னொன்று இல்லை என்று முடிவு கட்டுவது, வேறு ஆடை உடுத்திய உலாவி ஊகம்தான். பழைய நாட்களில் 'டாக்குமென்ட்.ஆல்' என்ற பொருள் இருந்தால் அது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்று எடுத்துக்கொண்டு, அதற்கே உரிய வேறு பத்து வசதிகளையும் சோதிக்காமல் பயன்படுத்துவார்கள். மற்ற உலாவிகள் அந்தப் பொருளைத் தரவேண்டி வந்தபோது, அது இருந்தும் இல்லாததுபோல் நடிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் இணையப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல்லின் தர வரையறையில் இது எழுதப்பட்டிருக்கிறது: அந்தப் பொருள் உண்மையில் இருக்கும், அதன் வகையைக் கேட்டால் 'வரையறுக்கப்படவில்லை' என்று பதில் வரும்.

மூன்றாவது முறை எழுதியதுதான் இன்றுவரை ஓடுகிறது. மவுஸ், விரல், எழுதுகோல் மூன்றையும் ஒரே வகை நிகழ்வாகத் தரும் 'பாயின்டர் ஈவென்ட்' என்ற ஏற்பாடு அப்போது எல்லா முக்கிய உலாவிகளுக்கும் வந்துவிட்டிருந்தது. குரோமில் 2016 கடைசியிலும், ஃபயர்ஃபாக்ஸில் 2018இலும் வந்தது. எங்களைத் தவிக்கவிட்ட அதே ஐபேட்ஓஎஸ் 13இன் சஃபாரியிலும் அது இருந்தது. பாயின்டர் நிகழ்வு இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருந்தால் அதை மட்டும் கேட்கிறோம். இந்தப் பெட்டிக்குள் விரல் இழுப்பைப் பக்கம் உருட்டுவதற்கு எடுத்துக்கொள்ளாதே என்று, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி. மூன்றாவது மேசையின் பழைய ஐபேடைப்போலப் பாயின்டர் நிகழ்வு இல்லாத உலாவியில், தொடுதலையும் மவுஸையும் இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம். தொடுதல் வந்தால் அதன் இயல்புச் செயலைத் தடுத்துவிடுகிறோம், அதனால் பொய் மவுஸ் அழுத்தம் பின்னால் வராது. எந்தக் கிளையிலும் எந்தச் சாதனத்தின் பெயரையும் நிரல் கேட்பதில்லை. கையெழுத்துப் போட்டாயிற்றா என்ற சோதனையையும் மாற்றினோம். யார் எதை அழுத்தினார்கள் என்பதை விட்டுவிட்டு, பெட்டியில் உண்மையிலேயே மை விழுந்திருக்கிறதா என்று படத்தின் புள்ளிகளைப் படித்துப் பார்க்கிறோம்.

எழுதி முடித்துச் சோதித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெரியவரின் 'ன்' நினைவுக்கு வந்தது. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில் கிறுக்கித்தான் கையெழுத்துப் பெட்டியைச் சோதிப்போம், நான் உட்பட. விரல் நகரும்போது கோடு போடு என்றுதான் நிரல் இருந்தது. நகராமல் ஒரே இடத்தில் தட்டினால் கோட்டுக்கு நீளம் இல்லை, எதுவும் விழாது. தமிழில் பெயர் எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புள்ளி வேண்டும். மூன்று ஆண்டுகளாக அந்தப் பெட்டி தமிழ்க் கையெழுத்துகளின் புள்ளிகளை விழுங்கியிருக்கிறது. யாரும் புகார் செய்யவில்லை, எல்லோரும் 'போகட்டும்' என்றே போயிருக்கிறார்கள். விரல் பட்ட உடனேயே கோட்டின் தடிமனுக்கு ஒரு சிறு வட்டம் வரையும்படி இரண்டு வரி சேர்த்தேன். எந்த வசதிச் சோதனையும் இதைக் கண்டுபிடித்திருக்காது. பயன்படுத்துகிறவர் எழுதுவதுபோல் நாமும் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு வசதி இருக்கிறதா என்று பார்ப்பதும், அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் வேறுவேறு. உலாவியில் தகவலைச் சேமித்து வைக்கும் 'லோக்கல் ஸ்டோரேஜ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐஓஎஸ் 11க்கு முந்தைய சஃபாரியில் தனிப்பட்ட உலாவல் முறையில் போனால் அந்தப் பொருள் இருக்கும். இருக்கிறதா என்று கேட்டால் 'ஆம்'. ஆனால் அதன் கொள்ளளவு சுழியம். ஒரு சொல்லைச் சேமிக்க முயன்றால் பிழை எறிந்து பக்கம் நின்றுவிடும். அதனால் இதைச் சோதிக்க ஒரே வழி, பிழையைப் பிடிக்கும் வேலிக்குள் ஒரு சிறு மதிப்பை எழுதி, திரும்பப் படித்து, அழித்துப் பார்ப்பதுதான். தேதி உள்ளீட்டுப் பெட்டிக்கும் இப்படியொன்று உண்டு. ஒரு பெட்டியை உருவாக்கி அதன் வகையைத் 'தேதி' என்று வைத்துத் திரும்பப் படிக்க வேண்டும். அந்த வகை தெரியாத உலாவி 'உரை' என்று பதில் தரும். தெரியும் என்று சொன்னால், தேதியே அல்லாத ஒரு சொல்லை அதில் போட்டுப் பார்க்கலாம். உண்மையிலேயே தேதியாக நடத்தும் உலாவி அதை ஏற்காமல் வெற்றிடமாக்கிவிடும்.

தமிழோடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்றும் எங்களுக்கு நேர்ந்தது. ரத்தக் குழாயில் ஒட்டும் சிறு சீட்டில் பெயருக்கு இடம் குறைவு. ஆகவே 12 எழுத்துக்குமேல் வெட்டிவிடு என்று நிரல் இருந்தது. உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் 'கிருஷ்ணமூர்த்தி' 15 எழுத்து. நம் கணக்கில் எட்டுதான்: கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி. புள்ளியையும் துணையெழுத்துகளையும் கணினி தனித்தனியாக எண்ணுகிறது. சீட்டில் 'கிருஷ்ணமூர்த' என்று வந்தது. நம் எழுத்துக் கணக்கை ஓரளவு சரியாகப் பிரித்துத் தரும் 'செக்மென்டர்' என்ற வசதி குரோமில் 2020 கடைசியிலும், சஃபாரியில் 2021இலும் வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் அப்போது இல்லை. குழுவில் ஒருவர், ஃபயர்ஃபாக்ஸ் அல்லாவிட்டால் செக்மென்டரைப் பயன்படுத்து என்று எழுதிக் கொண்டுவந்தார். நான் ஏற்கவில்லை. பழைய சஃபாரி வைத்திருப்பவருக்கு அந்த நிரல் உடையும். அதோடு, ஃபயர்ஃபாக்ஸுக்கு அந்த வசதி வரும் நாளில் யாராவது நினைவாகத் திரும்பி வந்து வரியை மாற்றினால் ஒழிய அவர்களுக்குப் பயன் கிடைக்காது. செக்மென்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுதினோம். இல்லாத இடத்தில் துணையெழுத்துகளை முன்னெழுத்தோடு சேர்த்து எண்ணும் எங்கள் சொந்தச் சிறு செயற்கூறு. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125இல் செக்மென்டர் வந்தது. நாங்கள் ஒரு வரியும் தொடாமலே அந்தப் பயனர்களுக்கும் அது வேலை செய்யத் தொடங்கியது. பெயரைக் கேட்டு எழுதிய நிரல் நாளாக நாளாகப் பழுதாகும், வசதியைக் கேட்டு எழுதியது நாளாக நாளாகத் தேறும் என்று இளையவர்களிடம் சொல்லும்போது இதைத்தான் காட்டுகிறேன். ஒரு எச்சரிக்கை: செக்மென்டர் 'க்ஷ'வை ஒரே எழுத்தாக எண்ணாது, இரண்டாகப் பிரிக்கும். உங்கள் வேலைக்கு அது முக்கியம் என்றால் வசதி இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், 'க்ஷ'வைக் கொடுத்து என்ன வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிஎஸ்எஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'சப்போர்ட்ஸ்' என்ற விதி பல ஆண்டுகளாக எல்லா உலாவிகளிலும் இருக்கிறது. ஒரு பண்பும் மதிப்பும் தெரியுமா என்று கேட்டு, தெரிந்தவர்களுக்கு மட்டும் புதிய அமைப்பைக் கொடுக்கலாம். பல நேரங்களில் அதுகூட வேண்டாம். தெரியாத வரியை உலாவி தானே தாண்டிப் போய்விடும் என்பதால், பழையதை மேலும் புதியதைக் கீழும் எழுதினாலே போதும்.

கையெழுத்துப் பெட்டி முடிந்த பிறகு, எங்கள் நிரல் தொகுப்பு முழுவதிலும் யூசர் ஏஜென்ட் என்ற சொல்லைத் தேடினேன். 23 இடங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, இந்த வரி உண்மையில் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறது என்று எழுதினோம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு இந்தத் தாளைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். பாதிக்குமேல், திரை சிறியதா என்று தெரிந்துகொள்ள விரும்பியவை. அதற்குத் திரையின் அகலத்தையே கேட்கலாம். சில, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்காக எழுதியவை. எங்கள் மையங்களில் அதைப் பயன்படுத்தும் கணினி ஒன்றும் மிஞ்சவில்லை, அழித்துவிட்டோம். இரண்டு இடங்களில் எந்த உலாவியின் எந்தக் கோளாறுக்காக எழுதப்பட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. எழுதியவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், குறிப்பும் இல்லை. அந்த இரண்டையும் ஒரு மாதம் அஞ்சி அஞ்சி வைத்திருந்து பிறகு நீக்கினோம். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு இடத்தைப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது. நோயாளிகள் வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யும் பக்கத்தில், அடையாள வரியில் 'குரோம்' இல்லையென்றால் "தயவுசெய்து குரோம் பயன்படுத்தவும்" என்று பக்கத்தையே மறைத்துவிடும் ஒரு பலகை. ஐபோனில் உள்ள குரோம் தன்னை 'குரோம்' என்று சொல்லாது. 'சிஆர்ஐஓஎஸ்' என்று வேறு பெயரில் அறிவிக்கும். ஐபோனில் குரோமைத் திறந்து முன்பதிவுக்கு வந்தவரிடம் குரோமைப் பயன்படுத்தச் சொல்லி நாங்கள் கதவை மூடியிருக்கிறோம். பலகையை எடுத்துவிட்டு ஒரு வாரம் பிழைப் பதிவுகளைக் கவனித்தோம். சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்தப் பக்கம் ஒழுங்காகவே வேலை செய்தது. பலகைக்குப் பின்னால் தடை எதுவும் இல்லை. யாரோ ஒருவர் குரோமில் மட்டும் சோதித்திருக்கிறார், மற்றவற்றில் சோதிக்க நேரம் இல்லை. அதைப் பயனரின் குறையாக எழுதிவைத்துவிட்டார்.

பெயரைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 23இல் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை, ஆனால் பின்னர் புதிதாக ஒன்றை எழுத நேர்ந்தது. 2020இல் குரோம் 80 வந்தபோது, வேறு தளத்திலிருந்து திரும்பி வரும்போதும் அனுப்பப்பட வேண்டிய குக்கீகளில் (தளம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளில்) 'சேம்சைட்' பண்பை 'நன்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும் என்றானது. பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போய்த் திரும்புகிறவரின் அமர்வு, அதாவது அவர் ஏற்கெனவே உள்நுழைந்தவர் என்ற அடையாளம், அந்தக் குக்கீயில்தான் இருக்கிறது. எழுதினோம். ஆனால் ஐஓஎஸ் 12இன் சஃபாரி அந்த மதிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு, மிகக் கடுமையான கட்டுப்பாடு என்று எடுத்துக்கொள்ளும். குரோம் 51 முதல் 66 வரையிலான பதிப்புகள் அந்தக் குக்கீயையே ஏற்காது. பணம் கட்டிவிட்டுத் திரும்பினால் வெளியேற்றப்பட்டிருப்பீர்கள். குக்கீயை முதன்முதலாக அனுப்பும் நேரத்தில் சேவையகத்தின் கையில் இருப்பது அடையாள வரி மட்டும்தான். உலாவிக்குள் எந்தச் சோதனையும் ஓடியிருக்காது. ஒரே மதிப்பை இரண்டு குக்கீகளில் வைத்து அனுப்பும் மாற்று வழி உண்டு. எங்கள் அமர்வு நூலகம் அதற்கு இடம் தரவில்லை. எனவே பெயரைப் பார்த்தோம்.

ஆனால் எப்படிப் பார்த்தோம் என்பது முக்கியம். 51 முதல் 66 வரை, ஐஓஎஸ் 12 மட்டும் என்று இருபுறமும் அடைத்த வேலி. வெளிவந்து முடிந்த, இனி மாறாத பதிப்புகள் அவை. இந்தப் பதிப்பும் இதற்கு மேலும் என்று திறந்த வேலி போட்டால் இன்னும் பிறக்காத உலாவிகளைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறோம் என்று பொருள். அடையாளம் தெரியாத எவருக்கும் புதிய, சரியான வழியே கிடைக்கும்படி எழுதினோம். எதற்காக, எந்தத் தேதியில், எப்போது நீக்கலாம் என்று நான்கு வரிக் குறிப்பும் வைத்தோம். அந்தப் பழைய பதிப்புகளிலிருந்து வருகைகள் நின்றதைப் பதிவுகளில் பார்த்த பிறகு நீக்கியும் விட்டோம். குரோம் இப்போது தன் அடையாள வரியையே சுருக்கிவிட்டது: பதிப்பின் பின்பகுதி எண்கள் எல்லாம் சுழியம், எந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியாக இருந்தாலும் 'ஆண்ட்ராய்டு 10' என்றே சொல்லும். இனிமேல் அந்த வரியை நம்பி வீடு கட்டுகிறவர்களுக்கு மண்ணே கொஞ்சம்தான் மிஞ்சும்.

இவையெல்லாம் நான் கண்டுபிடித்தவை அல்ல. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் பரவலாகப் பயன்படுத்திய ஜேகுவெரி நூலகம் 2009 தொடக்கத்தில் வந்த 1.3 பதிப்பிலேயே உலாவியின் பெயரைச் சொல்லும் வசதியைக் கைவிடச் சொல்லிவிட்டது. 2013இல் 1.9இல் நீக்கியும் விட்டது. நான் அந்தக் கையெழுத்துப் பெட்டியை எழுதியது அதற்கும் மூன்று ஆண்டு கழித்து. ஐபேட் என்றால் ஐபேட் என்றுதானே சொல்லும், அதில் என்ன தவறு நேர்ந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். எழுதிய நாளில் அது உண்மையாகவும் இருந்தது.

2020 ஜனவரியில் வேறொரு வேலையாக அந்த மையத்துக்குப் போயிருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வருகிற அந்தப் பெரியவரும் அன்று வந்திருந்தார். வரிசையில் முறை வந்ததும் மேசைக்குப் போகுமுன்பே விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நான் அருகே போய், "ஐயா, போன தடவை கோடு விழாதது உங்கள் விரலால் இல்லை. நான் எழுதிக்கொடுத்ததில் பிழை இருந்தது, சரிசெய்துவிட்டேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா தம்பி" என்று மட்டும் சொன்னார். முதல் மேசையின் ஐபேடில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கடைசியில் விரலைத் தூக்கி, 'ன்' என்ற எழுத்தின் தலைக்குமேல் ஒருமுறை தட்டினார். புள்ளி விழுந்தது. விழுந்ததா என்று குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.